நடிகர் எப்படி டைரக்டர் ஆகுறாரு? க்ளின்ட் ஈஸ்ட்வுட்ட வச்சு ஒரு எளிய விளக்கம்

ஒரு நடிகர் படம் டைரக்ட் பண்ணப்போறார்னு நியூஸ் வந்தா நம்மள்ல பாதி பேர் என்ன நினைப்போம், ஹீரோவுக்கு ஆசை வந்துருச்சு, மார்க்கெட் இருக்கு, ஒரு படம் எடுத்துப் பாக்குறாருன்னு நினைப்போம். சில பேர் விஷயத்துல அது உண்மையாவும் இருக்கலாம். ஆனா வருஷக்கணக்கா கேமரா முன்னாடி நின்ன ஒரு ஆளுக்கு, மத்த டைரக்டர்களுக்குத் தெரியாத ஏதாவது தெரியுமா, தெரிஞ்சா அது படத்துல எந்த இடத்துல வெளிய வருது, இத புரிஞ்சுக்க எனக்குத் தெரிஞ்சு ஹாலிவுட் நடிகர் க்ளின்ட் ஈஸ்ட்வுட்ட விட நல்ல உதாரணம் கிடையாது. 1971ல முதல் படம் டைரக்ட் பண்ணாரு, 2024ல 94 வயசுல இன்னொரு படம் ரிலீஸ் ஆச்சு, நடுவுல எண்ணிப் பாத்தா 40 படம் கிட்ட வரும். ஜிகர்தண்டா டபுள் எக்ஸ் பாத்தவங்களுக்கு அந்த முகம் ஏற்கனவே பழக்கமாயிருக்கும். மத்தவங்க இவர் படம் ஒண்ணு கூட பாத்ததில்லன்னாலும் பரவால்ல, முதல்ல இருந்தே சொல்றேன்.

நான் சொல்ல வர்றது ஒரே விஷயம்தான். இவரு டைரக்‌ஷன எந்த ஃபிலிம் ஸ்கூல்லயும் படிக்கல. நடிகனா செட்ல காத்துக் கிடந்த காலத்துல எதெல்லாம் நடிப்பக் கெடுக்குது, எதெல்லாம் பணத்தையும் நேரத்தையும் வீணாக்குதுன்னு பாத்து வச்சிக்கிட்டு, தன்னோட செட்ல அது எதுவும் நடக்காம பாத்துக்கிட்டாரு. ஈஸ்ட்வுட் ஸ்டைல், ஈஸ்ட்வுட் ஸ்டைல்னு எல்லாரும் சொல்றாங்களே, அதுல முக்கால்வாசி இதுதான்.

பொறந்தது 1930 மே 31, சான் ஃப்ரான்சிஸ்கோல. அமெரிக்கால வேலையே கெடைக்காத பொருளாதார வீழ்ச்சி காலம் அது, அப்பா வேலை தேடி கலிஃபோர்னியா முழுக்க ஊர் ஊரா மாறிட்டே இருந்ததால பையனும் ஸ்கூல் மாறிட்டே இருந்தாரு. கொரியா போர் சமயத்துல ராணுவத்துக்கு எடுத்தாங்க, ஆனா போருக்கு அனுப்பல, ஃபோர்ட் ஆர்டுங்கற முகாம்லயே நீச்சல் சொல்லிக் குடுக்குற வேலை. 1951ல அவர் ஏறி வந்த கடற்படை விமானம் பாயின்ட் ரேஸ் பக்கத்துல கடல்ல இறங்கிருச்சு, அவரும் பைலட்டும் நீந்தித்தான் கரைக்கு வந்தாங்க. 1954ல யுனிவர்சல் ஸ்டுடியோ மாசச் சம்பளத்துக்கு சேத்துக்கிச்சு, பேரே போடாத சின்னச் சின்ன வேஷம், கொஞ்ச நாள்ல வெளிய அனுப்பிட்டாங்க. அப்புறம் வீடுகளுக்கு நீச்சல் குளம் தோண்டுற வேலை கூட பாத்திருக்காரு.

1959ல தான் ஒரு கதவு திறந்துச்சு. சிபிஎஸ் சேனல்ல ராஹைட்னு ஒரு கௌபாய் சீரியல், மாட்டு மந்தைய ஓட்டிட்டுப் போற கூட்டத்தோட கதை, அதுல ரவுடி யேட்ஸ்ங்கற இளைஞன் வேஷம். 1965 வரைக்கும் அதுல நடிச்சாரு. வாராவாரம் ஒரு எபிசோட், டைரக்டர்கள் மாறிட்டே இருப்பாங்க, நல்லவங்களும் வருவாங்க சுமாரானவங்களும் வருவாங்க, நடிகன் மட்டும் அதே இடத்துல நிப்பான். யோசிச்சுப் பாருங்க, ஒரே வேலைய பல பேர் பல விதமா செய்றத பக்கத்துல நின்னு வருஷக்கணக்கா பாக்குறதுக்கு இத விட நல்ல இடம் எங்க கெடைக்கும்? நானும் ஒரு எபிசோட் டைரக்ட் பண்றேன்னு அப்பவே கேட்டிருக்காரு, சேனல் விடல.

இந்த சீரியல் செட்ல இருந்துதான் அவரோட ரொம்பப் பிரபலமான பழக்கம் ஒண்ணு வந்துச்சு. குதிரை மேல உக்காந்து நாலஞ்சு பேர் ஷாட்டுக்கு ரெடியா இருப்பாங்க, யாராவது மெகாஃபோன்ல ஆக்‌ஷன்னு கத்துவாங்க, உடனே குதிரையெல்லாம் மிரண்டு ஆளுக்கொரு பக்கம் ஓடும். ஈஸ்ட்வுட் அதுல இருந்து ஒரு முடிவுக்கு வந்தாரு, குதிரை மிரளுதுன்னா மனுஷனும் உள்ளுக்குள்ள மிரளத்தான் செய்வான், வெளிய காட்டிக்க மாட்டான் அவ்ளோதான். அதனால அவர் டைரக்ட் பண்ற படத்துல ஆக்‌ஷன் சத்தமே கிடையாது. ரெடியானதும் ஆரம்பிங்கங்கற மாதிரி மெதுவா ஒரு வார்த்தை, முடிஞ்சதும் கட்னு கத்தாம போதும்ங்கற மாதிரி இன்னொரு வார்த்தை. அவர் செட்ல வேலை பாத்த நடிகர்கள் பேட்டி எத எடுத்தாலும் இந்த அமைதியப் பத்தி பேசியிருப்பாங்க. இது சின்ன விஷயம் மாதிரி தெரியும், ஆனா அழுற சீனுக்கு தன்ன தயார் பண்ணிட்டு நிக்கிற ஒரு நடிகைக்கு அந்த ஒரு கத்தல் இல்லாம இருக்குறது எவ்ளோ பெரிய உதவின்னு அங்க நின்னவங்களுக்குத்தான் தெரியும். அதத்தான் நான் நடிகன்ல இருந்து வர்ற அறிவுன்னு சொல்றேன்.

அடுத்தது இத்தாலி. 1964ல சீரியல் இடைவெளியில செர்ஜியோ லியோனிங்கற இத்தாலிய டைரக்டர் படத்துக்காக ஸ்பெயின் போனாரு, சம்பளம் 15,000 டாலர். அந்த வேஷத்த அவருக்கு முன்னாடி பெரிய பெரிய ஆளுங்க வேணாம்னு சொல்லியிருந்தாங்க. லியோனிக்கு இங்கிலீஷ் வராது, இவருக்கு இத்தாலியன் வராது, சுத்தி நடிக்கிறவங்க ஆளுக்கொரு பாஷை பேசுவாங்க, சத்தமெல்லாம் அப்புறம் டப்பிங்ல சேத்துக்கறது. அந்தப் படம்தான் எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ். அது ஜப்பான்ல அகிரா குரோசாவா எடுத்த யொஜிம்போ படத்தோட கதைய அனுமதி வாங்காம எடுத்ததுன்னு கேஸ் ஆகி செட்டில்மென்ட்ல முடிஞ்சுச்சு, அமெரிக்கால ரிலீஸ் ஆகவே 1967 ஆயிருச்சு. அதுக்குள்ள இன்னும் ரெண்டு படம் லியோனி கூட முடிச்சிட்டாரு, மூணாவதுதான் 1966ல வந்த தி குட் தி பேட் அண்ட் தி அக்ளி.

முதல் படத்துல அவர் செஞ்ச ஒரு காரியத்த கவனிங்க. ஸ்க்ரிப்ட்ல அந்த கேரக்டர் பக்கம் பக்கமா பேசுற மாதிரி இருந்துச்சு. ஈஸ்ட்வுட் உக்காந்து தன்னோட சொந்த வசனத்தையே வெட்டச் சொன்னாரு, இவன் யாரு எங்கிருந்து வந்தான்னு தெரியாம இருந்தாத்தான் ஆளுங்க இவனையே பாத்துட்டு இருப்பாங்கன்னு. எந்த நடிகன் என் டயலாக்க கொறைங்கன்னு கேப்பான்? தன் வேஷத்துக்கு எவ்ளோ வசனம்னு யோசிக்காம மொத்தப் படமும் எப்படி இருக்கும்னு யோசிக்கிறவன்தான் கேப்பான். என்னைப் பொறுத்தவரைக்கும் அவர் டைரக்டர் ஆனது 1971ல இல்ல, அந்த வசனத்த வெட்டுன நாள்லயே ஆயிட்டாரு.

ஆனா மனசுல டைரக்டரா இருந்தா போதாது, படம் எடுக்க கையில அதிகாரம் வேணும். இது பலருக்கு தெரியாத பகுதி, கொஞ்சம் பொறுமையா படிங்க. ஹாலிவுட்ல நடிகருக்கு எவ்ளோ சம்பளம் குடுத்தாலும் எத படமா எடுக்கறது, எங்க எடுக்கறது, எவ்ளோ செலவுன்னு முடிவு பண்றது ஸ்டுடியோவும் ப்ரொட்யூசரும்தான். அதனால 1967ல மால்பாஸோன்னு சொந்தமா ஒரு தயாரிப்பு கம்பெனி ஆரம்பிச்சாரு, ஆட்கள் ரொம்பக் கம்மியா வச்சு. அதுக்கப்புறம் 1969ல வந்த பெயின்ட் யுவர் வேகன்ங்கற ம்யூசிக்கல் படத்துல வெறும் நடிகரா நடிச்சாரு. ஆரெகன் காட்டுக்குள்ள பெரிய செட்டு, நாள் கணக்கு தப்பி இழுத்துக்கிட்டே போயி செலவு 2 கோடி டாலர் கிட்ட போச்சு, அந்தக் காலத்துக்கு அது நம்பவே முடியாத தொகை. எல்லாரும் சும்மா உக்காந்து காத்துக்கிட்டு இருக்கறத அங்க பாத்தாரு. இப்படி வீணாக்குறதுக்கு நானே பொறுப்பெடுத்து செஞ்சு தப்பாப் போனாலும் பரவால்லன்னு அவர் மனசு திரும்புனது அந்தப் படத்துலதான். இப்ப அவர் படமெல்லாம் சொன்ன நாளுக்கு முன்னாடியே முடியுது, பட்ஜெட்டுக்குள்ள முடியுதுன்னு சொல்றாங்கல்ல, அதோட வேர் இங்க இருக்கு.

நிஜமான குருன்னு ஒருத்தர சொல்லணும்னா டான் சீகல். 1968ல கூகன்ஸ் ப்ளஃப்ல ஆரம்பிச்சு மொத்தம் அஞ்சு படம் சேந்து பண்ணாங்க, அதுல ஒண்ணுதான் டர்ட்டி ஹாரி. சீகல் எடிட்டிங் பக்கத்துல இருந்து வந்த ஆளு, அதனால படம் மண்டைக்குள்ள ஏற்கனவே வெட்டி ஒட்டியிருக்கும், தேவையான ஷாட்ட மட்டும் எடுப்பாரு, அடுத்ததுக்கு போயிருவாரு. டர்ட்டி ஹாரி ஷூட்டிங்ல அவருக்கு உடம்பு சரியில்லாமப் போனப்ப, மாடியில இருந்து குதிக்கப் போறவன காப்பாத்துற சீன ஈஸ்ட்வுட்டே எடுத்தாரு.

அதே 1971ல தான் முதல் படம், ப்ளே மிஸ்டி ஃபார் மீ. ஒரு ரேடியோ டிஜே, அவர் மேல வெறியாகுற ஒரு ரசிகை, இவ்ளோதான் கதை. ஸ்டுடியோவுக்கு இதுல பெரிய நம்பிக்கை இல்ல, டைரக்‌ஷனுக்கு தனியா சம்பளம் வேணாம், லாபத்துல பங்கு குடுங்கன்னு இவரே இறங்கி வந்தாரு. செட்டு எதுவும் போடல, தன் வீடு இருந்த கார்மல் ஊர்ப்பக்கமே நிஜமான வீடு, நிஜமான பார், நிஜமான ரோடுன்னு எடுத்து, 10 லட்சம் டாலருக்குள்ள, சொன்ன நாளுக்கு முன்னாடியே முடிச்சாரு. பார்ல சரக்கு ஊத்துற ஆளா ஒரு சின்ன வேஷத்துல யார நடிக்க வச்சாருன்னு பாத்தா டான் சீகல. முதல் தடவை டைரக்ட் பண்றப்ப பக்கத்துல குரு நிக்கட்டும்னு தோணியிருக்கும் போல.

இங்க ஒரு அடிப்படை சந்தேகம் வரும், தானே நடிச்சு தானே டைரக்ட் பண்றப்ப தன்ன யாரு பாக்குறது? பொதுவா இதுல ரெண்டு விதமா தப்பு நடக்கும். ஒண்ணு எல்லாருக்கும் தெரிஞ்சது, தனக்கு மட்டும் நல்ல ஷாட்டு, நல்ல லைட்டு, க்ளோஸப்புன்னு படத்த தன்னச் சுத்தியே கட்டிக்கறது. இன்னொண்ண யாரும் பேசறதில்ல, மத்த நடிகர்களுக்கு நேரம் செலவு பண்ணிட்டு தன் ஷாட் வர்றப்ப, சரி சரி ஒரு டேக் போதும் நேரமாச்சுன்னு தன்ன அவசரமா தள்ளிவிட்டுர்றது. சீகல் இவருக்கு குடுத்த முக்கியமான அட்வைஸே இந்த ரெண்டாவதப் பத்திதான், உன்ன நீயே கவனிக்காம விட்டுறாதன்னு. நடிகரா இருந்து வர்றவருக்குத்தான் இந்த ஆபத்து அதிகம்னு நான் நினைக்கிறேன், சுயநலம்னு பேர் வந்துருமோன்னு பயம் இருக்கும்ல.

1976ல தி அவுட்லா ஜோஸி வேல்ஸ் படத்துல ஒரு சம்பவம், இத மறைச்சுட்டு இவர் கதைய சொல்றது சரியில்ல. அந்தப் படத்த ஆரம்பிச்ச டைரக்டர் ஃபிலிப் காஃப்மன், ஷூட்டிங் நடுவுல அவர தூக்கிட்டு ஈஸ்ட்வுட் தானே டைரக்டர் ஆயிட்டாரு. டைரக்டர்கள் சங்கம் கொதிச்சுப் போச்சு, ஒரு படத்துல ஏற்கனவே வேலை செய்ற நடிகரோ ப்ரொட்யூசரோ அந்தப் படத்தோட டைரக்டர தூக்கிட்டு அந்த இடத்துல உக்கார முடியாதுன்னு விதி போட்டாங்க, இன்னிக்கும் அத ஈஸ்ட்வுட் ரூல்னு தான் சொல்றாங்க. நட்சத்திர நடிகர் கையில அதிகாரம் சேந்தா இப்படியும் நடக்கும். இன்னொண்ணும் இருக்கு. இவரோட பல வருஷம் வாழ்ந்த நடிகை சாண்ட்ரா லாக்கும் டைரக்டர் ஆனவங்கதான், ராட்பாய்னு 1986ல ஒரு படம் எடுத்தாங்க. பிரிஞ்சதுக்கப்புறம் வார்னர் ஸ்டுடியோல தனக்கு குடுத்த டைரக்‌ஷன் ஒப்பந்தமே கண்துடைப்புன்னு ஈஸ்ட்வுட் மேல கேஸ் போட்டாங்க, 1996ல சமரசமாயிருச்சு. நடிகரா இருந்து டைரக்டராகுற பாதை ஒருத்தருக்கு அகலமாவும் இன்னொருத்தருக்கு அடைஞ்சும் இருந்துச்சு, அத சொல்லாம விட எனக்கு மனசு வரல.

1986ல இருந்து ரெண்டு வருஷம் கார்மல் ஊருக்கு மேயரா இருந்தாரு, சம்பளம் மாசம் 200 டாலர். அந்தப் பக்கம் நான் போகல. 1988ல எடுத்த பேர்ட் தான் எனக்கு முக்கியம். சாக்ஸஃபோன் மேதை சார்லி பார்க்கர் வாழ்க்கை, இவர் நடிக்கல, ஃபாரஸ்ட் விட்டேக்கர நடிக்க வச்சாரு, விட்டேக்கருக்கு கான் விழால சிறந்த நடிகர் விருது. சின்ன வயசுல இருந்தே ஜாஸ் பைத்தியம் இவரு, பியானோ வாசிப்பாரு, பின்னாடி மிஸ்டிக் ரிவர், மில்லியன் டாலர் பேபி படங்களுக்கு ம்யூசிக்கும் இவரேதான்.

இப்ப அன்ஃபர்கிவனுக்கு வருவோம், 1992. ஒரே ஒரு படத்த வச்சு நடிகர் டைரக்டர் ஆகுறதுன்னா என்னன்னு விளக்கச் சொன்னா நான் இதத்தான் போட்டுக் காட்டுவேன். ஸ்க்ரிப்ட் கைக்கு வந்தது எண்பதுகள்லயே, ஆனா எடுக்கல, அந்த கேரக்டருக்கு தனக்கு இன்னும் வயசாகணும்னு வருஷக்கணக்கா பெட்டிக்குள்ள வச்சிருந்தாரு. நடிகனுக்கு வயசாகுறது பயம், இவரோ வயசாகட்டும்னு காத்திருந்தாரு. கதைல அவர் பேரு வில்லியம் மன்னி, ஒரு காலத்துல கண்மூடித்தனமா ஆளக் கொன்னவன், இப்ப பொண்டாட்டி செத்துட்டா, ரெண்டு குழந்தைய வச்சிக்கிட்டு பன்னி மேய்க்கிறான். காசுக்காக மறுபடி துப்பாக்கிய எடுக்கறான். தகர டப்பாவ குறி பாத்து சுடுறான், ஒண்ணு கூட படல. குதிரைல ஏறப் பாக்குறான், கீழ விழுறான். யோசிச்சுப் பாருங்க, முப்பது வருஷமா இந்த முகம் குதிரை மேல கம்பீரமா உக்காந்து கண்ணிமைக்கிற நேரத்துல நாலு பேர சுட்டுத் தள்ளுறதப் பாத்து கைதட்டுன ஜனங்க முன்னாடி, அதே முகத்த சேத்துல புரள விடுறாரு.

அதோட நிக்கல. பழைய படங்கள்ல குண்டு பட்டவன் அடுத்த செகண்ட்ல செத்துருவான், யாரும் அவனப் பத்தி யோசிக்க மாட்டாங்க. இதுல ஒரு பையன் வயித்துல குண்டு வாங்கிட்டு பாறை இடுக்குல கெடந்து தண்ணி தண்ணின்னு கெஞ்சுறான், சுட்டவங்களே அத கேக்க முடியாம, அவனுக்கு தண்ணி குடுங்கடா நாங்க சுட மாட்டோம்னு கத்துறாங்க. அந்த சீன் நீளமாப் போகும், பாக்கவே கஷ்டமா இருக்கும், வேணும்னே தான் அப்படி எடுத்திருக்காரு. வேற ஒரு டைரக்டர் இதே கதைய இதே மாதிரி எடுத்திருந்தாலும் நல்ல படம்தான், ஆனா இவ்ளோ வலிச்சிருக்காது. ஏன்னா தன்னோட பழைய படங்கள தானே கேள்வி கேக்குற உரிமை இந்த ஒரு ஆளுக்குத்தான் இருந்துச்சு. படத்தோட கடைசியில செர்ஜியோவுக்கும் டானுக்கும்னு ஒரு வரி வரும், லியோனியும் சீகலும் அப்ப உயிரோட இல்ல. சிறந்த படம், சிறந்த டைரக்டர், சிறந்த துணை நடிகரா ஜீன் ஹேக்மன், சிறந்த எடிட்டிங்னு நாலு ஆஸ்கர் வாங்குச்சு.

2004ல மில்லியன் டாலர் பேபி, பாக்ஸிங் கத்துக்க வர்ற ஒரு பொண்ணு, வேணாம்னு தள்ளிவிடுற வயசான கோச். 37 நாள்ல எடுத்தாரு. மறுபடி சிறந்த படம், சிறந்த டைரக்டர், அப்ப அவருக்கு வயசு 74. இதுல ஒரு கணக்கு பாருங்க. இவர் டைரக்‌ஷன்ல நடிச்சு ஆஸ்கர் வாங்குனவங்க ஜீன் ஹேக்மன், ஷான் பென், டிம் ராபின்ஸ், ஹிலரி ஸ்வாங்க், மார்கன் ஃப்ரீமன், ஆக மொத்தம் அஞ்சு பேர். ஆனா நடிப்புக்காக இவருக்கு ஒரு ஆஸ்கர் கூட கெடைக்கல, அன்ஃபர்கிவனுக்கும் மில்லியன் டாலர் பேபிக்கும் நாமினேஷன் வந்ததோட சரி. நடிகரா இருந்தவர் டைரக்டரானா யாருக்கு லாபம்னு கேட்டா, கூட நடிக்கிறவங்களுக்குத்தான்.

வேகமா எடுக்கறதுல கொறையும் உண்டு. பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு டேக் தான், ரிகர்சல்னு எடுத்ததக் கூட அப்படியே படத்துல வச்சிருவாரு. கைதேர்ந்த நடிகர்கள்னா இது பொக்கிஷம், முதல் டேக்ல வர்ற அந்த உயிர்ப்பு பத்தாவது டேக்ல வராது. புதுசா வர்றவங்கள இது காப்பாத்தாது. 2018ல தி 15:17 டு பாரிஸ்னு ஒரு படம், ரயில்ல துப்பாக்கியோட வந்தவன நிஜத்துல மடக்குன மூணு பசங்களையே அவங்க வேஷத்துல நடிக்க வச்சாரு, தைரியமான யோசனை, ஆனா சாதாரணமா பேசிக்கிற சீன்ல எல்லாம் அவங்க தடுமாறுறது தெரியுது. அமெரிக்கன் ஸ்னைப்பர் 2014ல உலகம் முழுக்க 50 கோடி டாலருக்கு மேல வசூல் பண்ண படம், அதுல ஒரு சீன்ல குழந்தைக்கு பதிலா பொம்மைய வச்சே எடுத்துட்டாங்க, பாத்தவங்க கண்ணுல அது உடனே பட்டுருச்சு. இன்னொரு நாள் தள்ளி எடுத்திருக்கலாம்தான்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது 2006ல நடந்தது. இரண்டாம் உலகப் போர்ல இவோ ஜிமா தீவுல நடந்த சண்டைய அமெரிக்க பக்கத்துல இருந்து ஒரு படம் எடுத்தாரு, அதே சூட்டோட அதே சண்டைய ஜப்பான்காரங்க பக்கத்துல இருந்து இன்னொரு படம், லெட்டர்ஸ் ஃப்ரம் இவோ ஜிமா, கிட்டத்தட்ட முழுக்க ஜாப்பனீஸ் பாஷைல. இவருக்கு அந்த பாஷை தெரியாது. எப்படி தைரியம் வந்துச்சுன்னு எல்லாரும் ஆச்சரியப்பட்டாங்க, ஆனா 1964ல ஸ்பெயின்ல தன் பாஷையே தெரியாத டைரக்டர்கிட்ட நடிச்சவர்தான இவரு? பாஷை தெரியலன்னாலும் ஒரு நடிகன் பொய்யா நடிக்கிறானா உண்மையா நடிக்கிறானான்னு முகத்துல தெரியும்னு இவருக்கு அனுபவத்துல தெரியும். அதுல நடிச்ச கென் வாடனபே 2013ல ஜப்பான்ல அன்ஃபர்கிவன ரீமேக் பண்ணப்ப அதுலயும் ஹீரோ. குரோசாவா கதைய எடுத்து ஆரம்பிச்ச வாழ்க்கை, கடைசில ஜப்பான்காரங்க இவர் கதைய எடுத்துக்கிட்டாங்க, இந்த தடவை முறைப்படி அனுமதியோட.

அதுக்கப்புறம் 2008ல க்ரான் டொரினோ, 2016ல சல்லி, 2021ல க்ரை மாச்சோ, இதுல 90 வயசுலயும் கேமரா முன்னாடி நின்னாரு. 2024ல வந்த ஜூரர் நம்பர் 2 ஒரு கோர்ட் கதை, இவர் நடிக்கல. வார்னர் ஸ்டுடியோ அமெரிக்கால 50 தியேட்டர் கூட குடுக்காம ரிலீஸ் பண்ணுச்சு, எனக்கு அதுல இன்னும் கோவம் இருக்கு, அரை நூற்றாண்டா அந்த ஸ்டுடியோவுக்கு சம்பாதிச்சுக் குடுத்தவருக்கு இதுவா மரியாதை.

பாக்க ஆரம்பிக்கிறவங்க நேரா அன்ஃபர்கிவன்ல குதிக்காதீங்க, அது கடைசில. முதல்ல தி குட் தி பேட் அண்ட் தி அக்ளி பாருங்க, அந்த முகம் எப்படி ஒரு பிம்பமாச்சுன்னு தெரியணும், அப்புறம் டர்ட்டி ஹாரி, அப்புறம் ப்ளே மிஸ்டி ஃபார் மீ. இந்த மூணும் மனசுல இருக்கறப்ப அன்ஃபர்கிவன் போடுங்க. லெட்டர்ஸ் ஃப்ரம் இவோ ஜிமா எப்ப பாத்தாலும் சரி, ஆனா ஜாப்பனீஸ் ஆடியோ வச்சு சப்டைட்டிலோட பாருங்க, டப்பிங்ல பாத்தா அந்த முகங்கள்ல இவர் எதப் பிடிச்சாருன்னே தெரியாமப் போயிரும்.